எலும்பு உடையலேன்னா நஷ்டஈடு கிடையாதா? ஜவ்வு கிழிந்தவர்களை மிரட்டும் 6 மாத கெடு

சென்னை:

"எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லப்பா. எலும்பு நல்லா இருக்கு. மாத்திரை எழுதித் தர்றேன், ரெண்டு நாள் ரெஸ்ட் எடு, சரியாயிடும்."

ரோட்டில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போன எத்தனையோ பேர் இந்த வார்த்தையைக் கேட்டிருப்பார்கள். கேட்கும்போது நிம்மதியாகத்தான் இருக்கும். கை கால் உடையாமல் தப்பித்தோம், குலசாமி காப்பாத்திச்சு என்று வீட்டுக்குப் போய் விடுவார்கள். பிரச்சினை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

ஒரு உதாரணத்துக்கு, கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரை எடுத்துக் கொள்வோம். வயது 38. நள்ளிரவில் லோடு இறக்க மொபட்டில் போகிறார். பின்னால் வந்த கார் தட்டி விடுகிறது. கீழே விழுந்ததில் முழங்கால் முறுக்கிக் கொள்கிறது. கார்க்காரர் இறங்கி வந்து, "அண்ணே, ஸ்டேஷன் கோர்ட்டுன்னு போனா ரெண்டு பேருக்கும் அலைச்சல்தான்" என்று 2 ஆயிரம் ரூபாயை கையில் திணிக்கிறார். இவரும் வாங்கிக் கொள்கிறார். மறுநாள் முட்டி வீங்குகிறது. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பில் கீறல் கூட இல்லை. பத்து நாளில் வீக்கம் வடிகிறது. வேலைக்குப் போகிறார். மூட்டையை முதுகில் ஏற்றி நாலு படி இறங்கினால் முட்டி நழுவுகிறது. சுளுக்கு எடுக்கிறவரிடம் போகிறார். எண்ணெய் போட்டு நீவி விடுகிறார்கள். மூணு மாதம் ஓடி விடுகிறது. கடைசியில் யாரோ சொல்லி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால், முட்டிக்கு உள்ளே இருக்கும் ஜவ்வு கிழிந்து கிடக்கிறது. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர்.

இப்போது அவர் கையில் என்ன இருக்கிறது? எப்.ஐ.ஆர். இல்லை. காரின் நம்பர் இல்லை. முதல் நாள் ஆஸ்பத்திரி சீட்டு எங்கேயோ போய் விட்டது. காலண்டரில் 6 மாதம் நெருங்கிக் கொண்டிருக்கிறது.

அந்த 6 மாதத்தில்தான் இருக்கிறது விவகாரம்.

மறுபடி வந்த கெடு

வாகன விபத்தில் காயம் பட்டவர் நஷ்டஈடு கேட்டு மனு போட வேண்டிய இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு தீர்ப்பாயம். சென்னையில் ஐகோர்ட்டு வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் கோர்ட்டு இந்த வேலையைப் பார்க்கிறது. வெளியூர்களில் மாவட்ட கோர்ட்டு, சப்-கோர்ட்டுகளில் நடக்கும்.

1988-ம் வருட மோட்டார் வாகன சட்டம் வந்தபோது 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று இருந்தது. தாமதத்துக்கு நியாயமான காரணம் சொன்னால் ஒரு வருடம் வரை விட்டுக் கொடுக்கவும் இடம் இருந்தது. ஏழை பாழைகள் படுத்த படுக்கையாக கிடக்கும்போது கெடு வைப்பது நியாயமா என்ற கேள்வி எழுந்து, 1994 நவம்பரில் அந்த கெடுவையே எடுத்து விட்டார்கள். அதன் பிறகு 27 வருடம் கெடு என்பதே கிடையாது. விபத்து நடந்து நாலு வருடம் கழித்து மனு போட்டு ஜெயித்தவர்களும் உண்டு.

2019-ல் சட்டத்தை திருத்தினார்கள். 2022 ஏப்ரல் 1-ந்தேதி முதல் நஷ்டஈடு சம்பந்தப்பட்ட பகுதி அமலுக்கு வந்தது. 6 மாத கெடு மறுபடி வந்து உட்கார்ந்து கொண்டது. இந்த முறை தாமதத்தை மன்னிக்கலாம் என்ற வாசகம் கூட இல்லை. 166-வது பிரிவு, 3-வது உட்பிரிவு. நம்பரை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், வக்கீலிடம் பேசும்போது உதவும்.

இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டில் வழக்குகள் போட்டார்கள். 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு இடைக்கால உத்தரவு போட்டது. 6 மாதம் தாண்டி விட்டது என்ற காரணத்துக்காக மட்டும் எந்த மனுவையும் தள்ளுபடி செய்யக் கூடாது என்று தீர்ப்பாயங்களுக்கும், ஐகோர்ட்டுகளுக்கும் சொன்னது. நல்ல உத்தரவுதான். ஆனால் இடைக்கால உத்தரவு என்பது தற்காலிக கூரை மாதிரி. அதை நம்பி 7-வது மாதம் வரை உட்கார்ந்து இருப்பவர், முடிவான தீர்ப்பு வேறு மாதிரி வந்தால் நடுத்தெருவில் நிற்பார்.

இந்த கெடு யாரை அதிகம் அடிக்கிறது என்று பாருங்கள். கால் உடைந்தவருக்கு முதல் நாளே தெரிந்து விடும். மாவுக்கட்டு, ராடு, ஆபரேஷன் என்று எல்லாமே ரிக்கார்டில் ஏறி விடும். போலீசும் வழக்கு போட்டு விடும். ஜவ்வு, தசைநார், தோள்பட்டை நரம்பு, கழுத்து, முதுகு டிஸ்க் என்று உள்ளே அடிபட்டவருக்கு மட்டும்தான் என்ன நடந்தது என்று தெரியவே இரண்டு, மூன்று மாதம் ஆகிறது. கெடுவில் பாதி, காயம் என்ன என்று கண்டுபிடிக்கவே போய் விடுகிறது. டெல்லியில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்கள் யாரும் முட்டி நழுவி படியில் விழுந்தது இல்லை போலிருக்கிறது.

எக்ஸ்ரேயின் கண்ணுக்கு தெரியாது

எக்ஸ்ரே என்பது எலும்பைக் காட்டும் கருவி. ஜவ்வு, தசைநார், குருத்தெலும்பு, டிஸ்க் எதையும் அது நேராக காட்டாது. "எக்ஸ்ரே நார்மல்" என்றால் எலும்பு உடையவில்லை என்றுதான் அர்த்தம். உடம்பில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை. இந்த வித்தியாசத்தை ஆஸ்பத்திரியில் யாரும் நமக்கு சொல்வது இல்லை. அங்கே இருக்கிற கூட்டத்தில் சொல்ல நேரமும் இல்லை.

பின்னால் இருந்து வண்டி இடித்தால் தலை சவுக்கு மாதிரி முன்னும் பின்னும் ஆடும். கழுத்து தசைகள் இழுபடும். அந்த வலி பெரும்பாலும் அன்றைக்கு வராது. மறுநாள் காலையில் படுக்கையை விட்டு எழும்போதுதான் கழுத்து திரும்பாது. இதில் முக்கால்வாசி பேருக்கு சில வாரத்தில், சில மாதத்தில் குணமாகி விடும். சிலருக்கு விடாது. கை விரல் வரை மரத்துப் போகும்.

தோள்பட்டையில் கையைத் தூக்க உதவும் தசைநார் கிழிந்தால் கை மேலே போகாது. ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டுகிறவர் எப்படியோ சமாளித்து விடுவார். தலைக்கு மேல் பூசு வேலை பார்க்கும் கொத்தனாரும், சாந்து சட்டி தூக்கும் சித்தாளும் என்ன செய்வார்கள்? அதே மாதிரி, இடது கை மணிக்கட்டில் ஜவ்வு போனால் ஆட்டோ டிரைவருக்கு கிளட்ச் பிடிக்க வராது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் இதெல்லாம் தெரியும். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அடிபட்ட புதிதில் எடுத்தால் எலும்புக்குள் ரத்தம் கட்டிய வீக்கம், மூட்டுக்குள் நீர் கோர்த்தது எல்லாம் தெரியும். "இது புதுக்காயம்" என்று டாக்டரால் அடித்து சொல்ல முடியும். பல மாதம் கழித்து எடுத்தால் இந்த அடையாளங்கள் மறைந்து விடும். கிழிசல் மட்டும் மிச்சம் இருக்கும். அப்போது இன்சூரன்சு கம்பெனி வக்கீல் எழுந்து, "இது வயசான தேய்மானம், விபத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை" என்பார். 40 வயதைத் தாண்டிய பலருக்கும் ஸ்கேன் எடுத்தால் டிஸ்கில் கொஞ்சம் தேய்மானம் இருக்கத்தான் செய்யும். வலியே இல்லாதவருக்கும் இருக்கும். அதைப் பிடித்துக் கொண்டு கேசை உடைப்பார்கள்.

சாதா காயமா, கொடுங்காயமா?

நம்மில் பலர் கவனிக்காமல் கோட்டை விடுகிற இடம் இது.

ஆஸ்பத்திரியில் விபத்து கேஸ் என்று சொன்னதும் ஒரு ரிஜிஸ்டரில் பதிவார்கள். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். அதை வைத்து டாக்டர் காய சர்டிபிகேட் கொடுப்பார். அதில் "சாதாரண காயம்" அல்லது "கொடுங்காயம்" என்று ஒரு வரி இருக்கும். போலீஸ் எப்.ஐ.ஆரும் அதை ஒட்டித்தான் போகும். 2024 ஜூலை 1-ந்தேதி முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், 125(ஏ) என்றால் சாதா காயம். 125(பி) என்றால் கொடுங்காயம். பழைய சட்டத்தில் 337, 338 என்று இருந்ததுதான் இது.

எலும்பு முறிவு, பல் உடைவது, கண் போவது எல்லாம் தானாகவே கொடுங்காயம். ஜவ்வு கிழிவது அந்த பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. ஆனால் பட்டியலின் கடைசியில் ஒரு கதவு திறந்து இருக்கிறது. எந்த காயமாக இருந்தாலும் 15 நாள் கடுமையான வலியில் துடித்தாலோ, 15 நாள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம்தான். பழைய இந்திய தண்டனை சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது. புது சட்டத்தில் 15 நாளாக குறைத்து விட்டார்கள். புது சட்டத்தைப் பற்றி ஆயிரம் சண்டை இருக்கலாம். இந்த ஒரு மாற்றம் கூலித் தொழிலாளிக்கு லாபம். இது பரவலாக தெரியாமல் போனதுதான் கொடுமை.

ஆஸ்பத்திரியில் 15 நாள் படுத்துக் கிடந்தால் மட்டும் போதாது. வேலை செய்ய முடியவில்லை என்பதற்கு சீட்டு வேண்டும். அதனால்தான் வலி இருந்தால் மறுபடி மறுபடி போய் காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் வெளிநோயாளி சீட்டில் என்ன கஷ்டம் என்பதை டாக்டரிடம் சொல்லி எழுத வைக்க வேண்டும். "முட்டி வலி" என்று மட்டும் எழுதினால் பாதி போச்சு. "படி இறங்க முடியவில்லை, சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை, மூட்டை தூக்க முடியவில்லை" என்று இருக்க வேண்டும். பிறகு ஸ்கேனில் கிழிசல் தெரிந்தால், அந்த ரிப்போர்ட்டை புலன்விசாரணை செய்யும் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்து, வழக்குப் பிரிவை மாற்றச் சொல்லி மனு கொடுக்கலாம்.

இந்த ஒரு வார்த்தைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும். யார் மீது தப்பு என்று பார்க்காமலே கொடுக்கும் நஷ்டஈடு 164-வது பிரிவில் இருக்கிறது. சாவுக்கு ரூ.5 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.2½ லட்சம். இடித்து விட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியாவிட்டால், சாவுக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50 ஆயிரம் அரசு திட்டத்தில் கிடைக்கும். இரண்டிலும் சாதா காயத்துக்கு ஒரு ரூபாய் கிடையாது.

முன்பு சாதா காயத்துக்கும் ஏதோ ஒன்று இருந்தது. 1994-ல் போட்ட அட்டவணையில் சாதா காயத்தின் வலி, வேதனைக்கு வைத்த விலை ரூ.1000. கொடுங்காயத்துக்கு ரூ.5 ஆயிரம். 24 வருடம் அதை யாரும் தொடவில்லை. 2018 மே மாதம்தான் சிறு காயம் என்றால் ரூ.25 ஆயிரம் என்று உயர்த்தினார்கள். நாலே வருடத்தில், 2022 ஏப்ரலில், அந்த அட்டவணையே காணாமல் போய் விட்டது.

ஆகவே சாதா காயம் என்று முத்திரை குத்தப்பட்டவருக்கு மிச்சம் இருப்பது ஒரே வழி. 166-வது பிரிவில் மனு போட்டு, எதிராளி மீதுதான் தப்பு என்று நிரூபித்து வாங்குவது. அங்கே சாதா, கொடுங்காயம் என்ற பாகுபாடு இல்லை. "காயம் பட்டவர்" என்றுதான் சட்டம் சொல்கிறது. அந்த வழிக்குத்தான் 6 மாத கெடு.

சதவீதமா, பொழப்பா?

கோர்ட்டில் எவ்வளவு கிடைக்கும்? எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான்.

மருத்துவ செலவு, ஆட்டோ செலவு, சத்தான சாப்பாடு, கூட இருந்து பார்த்துக் கொண்டவரின் கூலி, வலி வேதனை, படுத்திருந்த மாதங்களின் வருமான இழப்பு. இதெல்லாம் ஊனம் இல்லாவிட்டாலும் கேட்கலாம். மூணு மாதம் வேலைக்குப் போகாத லோடுமேனுக்கு இந்த வருமான இழப்பே பெரிய தொகை.

காயம் நிரந்தரமாக தங்கி விட்டால் கணக்கு வேறு. நம்ம ஊர் தீர்ப்பாயங்களில் ஒரு பழக்கம் உண்டு. ஊனம் 10 சதவீதம் என்று டாக்டர் சொன்னால், ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்கி கொடுத்து விடுவார்கள். சதவீதத்துக்கு ரூ.5 ஆயிரம் என்று வைத்தால் 50 ஆயிரம் வரும்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. அந்த காயத்தால் சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது. அதே 38 வயது தொழிலாளி மாதம் ரூ.15 ஆயிரம் சம்பாதித்தார் என்று வையுங்கள். வருடத்துக்கு ரூ.1 லட்சத்து 80 ஆயிரம். 36 முதல் 40 வயது வரை 15-ஆல் பெருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2009-ல் சொல்லி இருக்கிறது. ரூ.27 லட்சம் வரும். அதில் 10 சதவீதம் ரூ.2 லட்சத்து 70 ஆயிரம். 40 வயதுக்கு உட்பட்டவர் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் ரூ.3 லட்சத்து 78 ஆயிரம்.

ஒரே முட்டி, ஒரே ஜவ்வு. ஒரு கணக்கில் 50 ஆயிரம். இன்னொரு கணக்கில் 3¾ லட்சத்துக்கு மேல்.

எந்த கணக்கு போடுவது என்பதற்கு 2010-ம் வருட கடைசியில் சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த ஒரு தீர்ப்பை வக்கீல்கள் எல்லாம் கையில் வைத்திருப்பார்கள். உடம்பு எத்தனை சதவீதம் கெட்டது என்பது வேறு, பிழைப்பு எத்தனை சதவீதம் கெட்டது என்பது வேறு என்கிறது அந்த தீர்ப்பு. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ, தச்சராகவோ இருந்தால் அவர் பிழைப்பே ஏறக்குறைய போச்சு. அதே ஆள் அரசு ஆபீசில் கிளார்க்காக இருந்தால் வேலை போகாது. இதுதான் கோர்ட்டு சொன்ன உதாரணம். ஜவ்வு கிழிந்தவருக்கும் இதே தராசுதான். சர்டிபிகேட்டில் 10 சதவீதம் என்று இருந்தாலும், மூட்டை தூக்குகிறவருக்கு பிழைப்பு இழப்பு 20, 30 சதவீதம் என்று வாதாட இடம் இருக்கிறது. வாதாடத்தான் ஆள் வேண்டும்.

அதே தீர்ப்பில் டாக்டர்களுக்கும் ஒரு குட்டு இருக்கிறது. சிகிச்சையே கொடுக்காமல், கேட்டவருக்கெல்லாம் ஊன சர்டிபிகேட் எழுதித் தருகிற டாக்டர்களை நம்பாதீர்கள் என்று எச்சரித்து இருக்கிறது. சந்தேகம் இருந்தால் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பச் சொல்லி இருக்கிறது. வெறும் சர்டிபிகேட்டை நீட்டினால் செல்லாது. டாக்டர் கூண்டில் ஏறி சாட்சி சொல்ல வேண்டும். ஆகவே "90 சதவீதம் போட்டு தர்றேன்" என்று ஆஸ்பத்திரி வாசலில் புரோக்கர் வந்தால் நழுவி விடுங்கள். உத்தரபிரதேசத்தில் பொய் விபத்து வழக்குகளை தோண்ட ஐகோர்ட்டு சிறப்பு புலனாய்வு குழுவே போட வைத்தது. யாரோ சிலர் செய்த தில்லுமுல்லுக்கு, நிஜமாகவே கழுத்து வலியோடு வருகிறவனையும் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள்.

"சம்பள சர்டிபிகேட் எங்கே?"

கூலி வேலைக்கு ஏது சம்பள சர்டிபிகேட்? 2011-ல் கூலித் தொழிலாளி ஒருவர் வழக்கில் இதே கேள்வி வந்தது. கூலி ஆளிடம் பேப்பர் கேட்க முடியாது, அவர் சொல்கிற தொகை நம்பும்படி இருந்தால் ஏற்றுக் கொள்ள வேண்டும் என்று சொல்லி, அவர் கேட்ட மாதம் ரூ.4,500-ஐ சுப்ரீம் கோர்ட்டு அப்படியே ஏற்றது. 2014-ல் ஒரு காய்கறி வியாபாரிக்கு ஆதாரம் இல்லாமலே மாதம் ரூ.6,500 என்று கணக்கு போட்டது. அது 2008-ம் வருட விபத்து. இன்றைக்கு விலைவாசி எங்கே போய் விட்டது என்று எல்லாருக்கும் தெரியும்.

என்றாலும் கையில் ஏதாவது இருந்தால் நல்லது. நலவாரிய அட்டை, சங்க அட்டை, செல்போனில் கூலி வந்த பணப் பரிமாற்றம், மேஸ்திரியின் சாட்சி. வீட்டு வேலை பார்க்கும் அம்மாக்கள் நாலு வீட்டிலும் ஒரு வரி எழுதி வாங்கி வைக்கலாம். தருவார்களா என்பது வேறு கதை.

இன்னொரு பெரிய ஓட்டை, சிகிச்சை. அடிபட்டதும் புத்தூர் கட்டு போட ஓடுவது நம்ம ஜனங்களின் வழக்கம். அதில் குணமானவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அந்த வாதத்துக்கே வரவில்லை. கோர்ட்டில் கேட்பது சீட்டு. நீவி விட்டவர் சீட்டு தர மாட்டார். விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரி, அப்புறம் 3 மாதம் கழித்து ஸ்கேன் என்றால், நடுவில் உள்ள காலியிடத்தில்தான் எதிர் வக்கீல் பாய் விரித்து உட்காருவார். "நடுவுல எங்கேயாவது விழுந்திருப்பீங்க" என்பார். கட்டு எங்கே வேண்டுமானாலும் போட்டுக் கொள்ளுங்கள். அதற்கு முன் அரசு ஆஸ்பத்திரியில் விபத்து கேஸ் என்று பதிந்து விடுங்கள். "வண்டியில இருந்து விழுந்துட்டேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வண்டி இடித்தது என்று சொல்லி எழுத வையுங்கள். ஏ.ஆர். காப்பியில் "தானாக விழுந்தார்" என்று ஏறி விட்டால், பிறகு அதை அழிப்பது மலையைப் பெயர்ப்பது மாதிரி.

2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். காசு இல்லை என்று முதல் நாள் போகாமல் இருக்க வேண்டியது இல்லை.

போலீஸ் செய்ய வேண்டியது

சட்டப்படி பார்த்தால் நாம் இவ்வளவு அலைய வேண்டியதே இல்லை. விபத்து நடந்த 48 மணி நேரத்தில் முதல் அறிக்கை, 90 நாளுக்குள் முழு அறிக்கை என்று போலீசாரே தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022-ல் விதி வந்தது. அந்த அறிக்கையையே நஷ்டஈடு மனுவாக எடுத்துக் கொள்ளலாம். அந்த வருட டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் இதை கறாராக செய்யச் சொன்னது.

ஆனால் எப்.ஐ.ஆர். போட்டால்தானே அறிக்கை வரும்? ரத்தம் இல்லை, எலும்பு முறிவு இல்லை, இரண்டு பேரும் ஸ்டேஷன் வாசலில் சமாதானம் பேசி எழுதிக் கொடுத்து விட்டால் எந்த அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குப் போகாது. ஜவ்வு கிழிந்தவர் இந்த நல்ல விதியின் பக்கமே வர மாட்டார்.

வண்டியின் இன்சூரன்சு என்ன ரகம் என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு சக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிறவருக்கு, சட்டத்துக்காக எடுக்கும் குறைந்தபட்ச பாலிசியில் கவர் கிடையாது. முழு பாலிசி இருந்தால் உண்டு. தானே வழுக்கி விழுந்த வண்டி ஓனருக்கு ரூ.15 லட்சம் விபத்து காப்பீடு என்று சொல்வார்கள். அது உயிர் போனால், கை கால் கண் போனால், முழு ஊனமானால் தான். ஜவ்வுக்கு கிடையாது. இடித்தது அரசு பஸ்சாக இருந்தால் போக்குவரத்து கழகமே பணம் தர வேண்டும். கோர்ட்டு சொல்லியும் தராமல், பஸ் ஸ்டாண்டில் வைத்து பஸ்சை ஜப்தி செய்த செய்தியை இதே பக்கத்தில் எத்தனை முறை படித்திருப்பீர்கள்!

மனு போட விபத்து நடந்த ஊருக்கே போக வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊர் கோர்ட்டிலேயே போடலாம். உளுந்தூர்பேட்டையில் அடிபட்டவர் சென்னையில் போடலாம். மனு போட்ட தேதியில் இருந்து வட்டியும் கேட்கலாம். நம்ம கோர்ட்டுகளில் பெரும்பாலும் 7½ சதவீதம் போடுகிறார்கள். கிடைக்கும் பணத்தை நேராக பாதிக்கப்பட்டவரின் வங்கி கணக்கில் போட வேண்டும் என்று 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது. "வர்றதுல இத்தனை பர்சென்ட் எனக்கு" என்று வக்கீல் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படி தப்பு. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிலாளர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற நம்பரில் கேட்கலாம்.

கடைசியாக லோக் அதாலத். ஜவ்வு கேஸ்கள் நிறைய அங்கேதான் முடிகின்றன. இழுத்தடிக்காமல் கையில் காசு வரும் என்பது உண்மை. கம்பெனிக்காரர்களுக்கும் அதுதான் சவுகரியம். எலும்பு முறிவு இல்லாத கேஸ் என்றால், "இதுக்கு மேல தேறாது, வாங்கிட்டு போங்க" என்று 30 ஆயிரம், 40 ஆயிரத்தில் பேரம் பேசிப் பார்ப்பார்கள். வீட்டு வாடகை பாக்கி இருக்கும். தலையாட்டத் தோணும். சிகிச்சை முடிந்து விட்டதா, ஆபரேஷன் தேவைப்படுமா என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிய பிறகு போய் உட்காருங்கள். லோக் அதாலத்தில் கையெழுத்து போட்டால் அப்பீல் கிடையாது. அடுத்த மாதமே முட்டியை அறுத்துத்தான் சரி பண்ண வேண்டும் என்று டாக்டர் சொன்னாலும், அந்த செலவு உங்கள் தலையில்தான்.